ஈஸ்வரியின் பெட்டிக்குள் இரண்டு குடித்தனம்

போன மாதம் ஓய்வூதிய அலுவலாக வவுனியாவுக்குப் போயிருந்தேன். அலுவல் சீக்கிரமே முடிந்துவிட்டது. அப்படி நடப்பது அபூர்வம் என்பதால் மிச்ச நேரத்தை என்ன செய்வதென்று தெரியாமல், நான் வேலை செய்த கணினி நிலையத்துக்குள் எட்டிப் பார்த்தேன். நடைபாதை முழுக்கப் பழைய மேசைக் கணினிகள் அடுக்கிக் கிடந்தன. அவற்றில் பலவற்றின் மூடியைக் கழற்றிப் பூட்டியவள் நான். எந்தப் பெட்டியின் காற்றாடி கிறீச்சிடும் என்றுகூட எனக்குத் தெரியும்.

"ஏன் பிள்ளை, இதுகள் என்ன குற்றம் செய்ததுகள்?" என்று என் இடத்துக்கு வந்திருக்கும் தர்சினியிடம் கேட்டேன்.

"புது விண்டோஸ் இதுகளில ஏறாது மிஸ். பழசை வச்சுக்கொண்டு இன்ரநெற்றுக்குப் போகவும் பயம். விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் போடலாம் எண்டால், பழசில ஓடுற புரோகிராமும் வேணுமெண்டு சொல்லுகினம். ரெண்டையும் ஒண்டுக்குள்ள போட இஞ்ச ஒருத்தருக்கும் துணிவில்லை. நீங்கள் செய்தனீங்கள்தானே, ஒருக்கா எழுதித் தாங்கோவன்."

செய்முறையை மட்டும் எழுதினால் அரைப் பக்கத்தில் முடிந்துவிடும். அந்த அரைப் பக்கத்தை இணையத்தில் யாரும் தேடி எடுக்கலாம். அதில் இல்லாத சங்கதிகள்தான் என் மனதில் நிற்கின்றன. ஆகவே தர்சினி கேட்டதைவிடக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். ஓய்வு பெற்றவளுக்கு அந்தளவு உரிமையாவது இருக்க வேண்டும்.

நான் கணினி படித்த கதை பெரிதாக ஒன்றுமில்லை. தட்டச்சு படித்துத்தான் வேலைக்கு வந்தேன். இடம்பெயர்ந்து அலைந்த காலத்தில் தட்டச்சும் பாதி மறந்துபோனது. திரும்பி வந்து பார்த்தால் மேசையில் தட்டச்சுப் பொறிக்குப் பதிலாகக் கணினி உட்கார்ந்திருந்தது. யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் பயிற்சிக்கு அனுப்பினார்கள். குறிப்பு எழுதினேன், மத்தியானச் சோறு சாப்பிட்டேன், சான்றிதழோடு வந்து சேர்ந்தேன். உண்மையில் வேலையைப் படித்தது நௌசாத் சேரிடம்தான்.

நௌசாத் சேர் எங்கள் நிலையத்தின் பொறுப்பாளர். முல்லைத்தீவுக்காரர். சிறுவயதில் குடும்பத்தோடு இடம்பெயர்ந்து புத்தளத்தில் வளர்ந்தவர். பிறகு ஊருக்குத் திரும்பி, பற்றைக்காடாய்க் கிடந்த காணியைத் துப்புரவாக்கி வீடு கட்டினார். கிழமை நாட்களில் வவுனியாவில் தங்குவார், சனிக்கிழமைகளில் மோட்டார் சைக்கிளில் ஊருக்குப் போவார்.

நாங்கள் வேலை செய்யும்போது எங்களுக்குப் பின்னால் வந்து நிற்பார். கைகள் இரண்டும் முதுகுக்குப் பின்னால் கட்டியிருக்கும். எங்கள் மௌஸில் அவர் கை பட்டதை நான் கண்டதேயில்லை. பிழையான இடத்தில் அமத்தப் போனாலும் தட்டிப் பறிக்க மாட்டார். அவருக்கு ஒரேயொரு சட்டம் இருந்தது. எதையாவது அழிக்கவோ, பிரிக்கவோ, நிறுவவோ போகிறோம் என்றால், என்ன செய்யப் போகிறோம் என்பதை முதலில் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அதன் பிறகுதான் விசையில் கை வைக்கலாம்.

ஆரம்பத்தில் எனக்கு இது வெட்கக்கேடாக இருந்தது. வாய்க்குள் முணுமுணுத்துவிட்டு அமத்தப் போனேன்.

"மிஸ், எனக்குக் கேக்கத் தேவையில்லை," என்றார். "உங்கட காதுக்குக் கேக்கோணும்."

அன்றிலிருந்து சத்தமாகவே சொன்னேன். எங்கள் அறைக்கு முதல்முறை வருகிறவர்கள், ஆளுக்கொரு பெட்டிக்கு முன்னால் இருந்து தனியே கதைத்துக்கொண்டிருக்கும் எங்களைப் பார்த்து மெதுவாகக் கதவைச் சாத்திவிட்டுப் போவார்கள். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். சொல்லும்போதே பாதிப் பிழைகள் எங்கள் காதிலேயே பிடிபட்டன.

வன்தட்டைப் பகுதி பகுதியாகப் பிரிப்பதை அவர் விளங்கப்படுத்திய விதமும் எனக்குப் பிடிக்கும். "இது ஆள் குடியிருக்கிற காணி மிஸ். வெளியில நிண்டு வேலியைப் போட்டால் ஆற்றையேன் சமைக்கிற குசினிக்குள்ளால போகும். குடியிருக்கிறவரைக் கேட்டு, அவரே சாமானுகளை ஒரு பக்கம் ஒதுக்கித் தந்த பிறகுதான் வேலிக்குக் கதியால் நடலாம்." அதாவது, பழைய விண்டோஸுக்குள் இருந்தபடியே அதன் பகுதியைச் சுருக்க வேண்டும். லினக்ஸை நிறுவும்போது வெளியிலிருந்து வெட்டக்கூடாது. காணியும் வேலியும் படாத பாடு பட்ட எங்கள் பக்கத்தில் இந்த விளக்கத்தை ஒருவரும் மறப்பதில்லை.

இனி ஈஸ்வரிக்கு வருகிறேன். ஈஸ்வரி கனகராயன்குளத்தில் தையல்கடை வைத்திருக்கிறார். தாய் தகப்பன் தேயிலைத் தோட்டத்திலிருந்து வன்னிக்கு வந்து காடு வெட்டிக் குடியேறியவர்கள். எங்களோடு கதைக்கும்போது எங்களைப்போலவே கதைப்பார், பயம் வந்தால் மட்டும் வீட்டுப் பேச்சு வெளியில் வந்துவிடும். சுயதொழில் செய்யும் பெண்களுக்கு நாங்கள் நடத்திய வகுப்புக்கு வந்தவர். கேள்வி கேட்டே என்னைக் களைக்க வைத்தவர்.

ஒருநாள் அவர் தன் கணினியை ஓட்டோவில் ஏற்றி, சீலையால் சுற்றி, பிள்ளையைத் தூக்குவதுபோலத் தூக்கிக்கொண்டு நிலையத்துக்கு வந்தார். கடையில் அவரிடம் ஒரு எம்பிராய்டரி மெசின் இருந்தது. பாவித்த மெசினாக வாங்கியது. சட்டைத் துணியில் பூவும் கொடியும் தானாகவே தைக்கும். ஆனால் அந்த மெசின் பழைய விண்டோஸில் ஓடும் ஒரேயொரு புரோகிராமின் சொல்லைத்தான் கேட்கும். அதை விற்றவர்கள் கடையை மூடிவிட்டுப் போய்விட்டார்கள். திரும்ப நிறுவ வட்டும் இல்லை. புதுக் கணினி வாங்கினால் மெசினின் வயரைச் செருக அதில் இடமே இருக்காது. மற்றப் பக்கம், ஓடர்கள் எல்லாம் இப்போது வெளிநாட்டிலிருந்து மின்னஞ்சலில்தான் வருகின்றன. அந்தப் பழைய விண்டோஸ் எந்த இணையப் பக்கத்தையும் ஒழுங்காகத் திறக்காது.

"வெளியூர்க் கடிதங்களைப் பார்க்க எனக்குப் புதுசு வேணும் மிஸ். மெசினுக்குப் பழசு வேணும். ரெண்டையும் இதுக்குள்ளயே வச்சுத் தாங்கோ," என்றார். பிறகு குரலை இறக்கி, "இதுக்கு ஏதும் நடந்தால் நான் திரும்பவும் ஆற்றையேன் கடையில கூலிக்குத்தான் தைக்கோணும்," என்றார்.

இதைக் கேட்ட பிறகு எனக்குக் கை வைக்கப் பயமாகிவிட்டது. நௌசாத் சேர் வந்து வழக்கம்போலக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

முதலில் மூடியைக் கழற்றினோம். உள்ளே நூல் பஞ்சும் தூசியும் சேர்ந்து காற்றாடி ஒரு குருவிக்கூடாகவே மாறியிருந்தது. துப்புரவாக்கினோம், நினைவகத்தைக் கூட்டினோம், மணிக்கூட்டை ஓடவைக்கும் சின்ன பற்றரியையும் மாற்றினோம். அடுத்து, வன்தட்டில் இருந்த எல்லாவற்றையும் வெளி வன்தட்டு ஒன்றுக்கு நகல் எடுத்தேன். "எடுத்தாச்சு சேர்," என்றேன். "எடுத்தது சரி. திறக்குதோ?" என்றார். நகலை வேறொரு கணினியில் போட்டுத் திறந்து காட்டச் சொன்னார். திறக்கும்வரை அடுத்த வேலைக்கு விடவில்லை. தர்சினி, இந்த இடத்தை இரண்டு தரம் வாசி.

பிறகு பென் டிரைவில் இருந்தபடியே லினக்ஸை ஓடவிட்டுப் பார்த்தோம். இது நிறுவாமலே பார்க்கும் வழி. பழைய பெட்டிகளுக்கென்று இருக்கும் எடை குறைந்த லினக்ஸ்தான் அது. திரை, சத்தம், இணையம் எல்லாம் வேலை செய்தன. பொம்பிளை பார்க்கும் படலம் முடிந்தது என்றார் சேர். பழைய விண்டோஸுக்குத் திரும்பி, அதற்குள் இருந்தே அதன் காணியைச் சுருக்கி, காலியான பக்கத்தில் லினக்ஸை நிறுவத் தொடங்கினேன்.

நிறுவும்போது திரையில் ஒரு கேள்வி வரும். எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் போடவா, இருப்பதற்குப் பக்கத்தில் போடவா என்று. சத்தமாகச் சொன்னேன்: "விண்டோஸில கை வைக்க மாட்டன். பக்கத்துக் காணியிலதான் போடப் போறன்." பக்கத்தில் நின்ற ஈஸ்வரி, "ஓம், பக்கத்துக் காணியிலதான்," என்று சாட்சி சொன்னார். அமத்தினேன்.

இரண்டுக்கும் பொதுவாக ஒரு பகுதியும் வைத்தோம், டிசைன்களைப் போட்டெடுக்க. சேர் அதற்குப் பங்குக் கிணறு என்று பெயர் வைத்தார். கணினியைப் போட்டதும் எந்தப் பக்கம் போவது என்று கேட்கும் பட்டியலில், ஆங்கில எழுத்தில் தையல், வெளியூர் என்று எழுதிவிட்டோம். கரண்ட் போய்வந்தால் தானாகத் தையலுக்கே போகும்படி வைத்தோம்.

பெட்டியை மறுபடி போட்டபோது முதலில் தையலுக்குள் போனோம். அவருடைய பூக்கள், கொடிகள், மாம்பிஞ்சுகள் எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. ஈஸ்வரி ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார், கண்ணைத் துடைத்தார், இன்னும் ஒன்றைத் திறந்தார். எனக்கு ஏற்பட்ட சந்தோசத்தை எழுத வரவில்லை. வேலைக் காலத்தில் அப்படியொரு பின்னேரம் கிடைத்தால் சம்பளத்தைக்கூட மறந்துவிடலாம்.

கிளம்பும்போது பார்த்தால், வெளியூர்ப் பக்கத்தில் மணிக்கூடு பல மணித்தியாலம் முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. அது என்ன பெரிய வேலை என்று சரியான நேரத்தை வைத்துவிட்டேன். சேரும் பார்த்துக்கொண்டுதான் நின்றார். நேரம் திருத்துவதற்கு வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்று அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

வெளியூர்ப் பக்கம் வழியாக வந்த முதல் பெரிய ஓடர் ஒரு கலியாணச் சட்டை. முரசுமோட்டையில் நெல் விதைக்கும் தம்பிராசா அண்ணையின் ஒரே மகள் கனடாவில் இருக்கிறாள். கலியாணம் ஊரில். கூறைச் சேலைக்குப் போடும் பிளவுஸின் இரண்டு கைகளிலும் நெற்கதிர் வரிசை வேண்டும் என்று அவளே கீறி, மெசினுக்கு ஏற்றபடி அங்கேயே ஒருவரைக் கொண்டு செய்வித்து மின்னஞ்சலில் அனுப்பியிருந்தாள். பட்டுத் துணியைத் தகப்பனே பஸ்ஸில் கொண்டுவந்து கொடுத்தார். அந்தத் துண்டை விட்டால் அதே நிறத்தில் வேறு துணி இல்லை.

தகப்பன் துணியோடு வந்த அன்று காலைதான் டிசைனும் வந்து பங்குக் கிணற்றில் சேர்ந்திருந்தது. ஈஸ்வரி திரையில் காட்டியிருக்கிறார். மனுசன் கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு முகம் சுருங்கிப்போனாராம்.

"இதென்ன பிள்ளை, கதிரெல்லாம் கம்பி மாதிரி நிமிந்து நிக்குது? மணி பிடிச்ச கதிர் தலை சாய்க்கும். இது சப்பி, உள்ளுக்கு மணியில்லாத கோது. ஊர் முழுக்கக் கமக்காரர், பந்தலுக்குள்ள வந்து என்ர பிள்ளையின்ர கையில சப்பியைப் பாத்துச் சிரிப்பாங்கள். சாய்ச்சு விடு பிள்ளை."

சாய்த்து விடுகிறேன் என்று ஈஸ்வரி வாக்குக் கொடுத்தார். அவர் போன பிறகு, மத்தியானம் தையல் பக்கத்துக்குப் போய், ஒவ்வொரு கதிரையும் வளைத்து, பங்குக் கிணற்றில் சேமித்து வைத்தார்.

அடுத்து வந்த சனிக்கிழமை, பெட்டி எப்படி ஓடுகிறது என்று பார்க்க நான் கனகராயன்குளத்துக்குப் போனேன். ஊருக்குப் போகிற வழியில் நௌசாத் சேரும் கடையில் மோட்டார் சைக்கிளை நிற்பாட்டினார். எங்களுக்கு முன்னாலேயே மெசினில் துணியைப் பூட்டி, பிளவுஸின் வலக்கையை ஓட்டத் தொடங்கினார் ஈஸ்வரி. தேத்தண்ணி குடித்தபடி நாங்கள் ஊர்க்கதை கதைத்தோம். மெசின் டக டக என்று தைத்துத் தள்ளியது. காதுக்கு நேரே வாயை வைத்துப் பேச வேண்டியிருந்ததால் ஒருவரும் துணியைக் கவனிக்கவில்லை.

மெசின் நின்றது. ஈஸ்வரி துணியைப் பிடித்திருந்த சட்டத்தைக் கழற்றினார். பொன் நூலில் கதிர்கள் வரிசையாக, கம்பி போல நிமிர்ந்து நின்றன.

"ஐயையோ மிஸ், என்னங்க இது, கதிரெல்லாம் நேரா நிக்குதுங்க! நான் மாத்தி வச்சேனே! சாமி சத்தியமா மாத்தினேன்!"

சேர் எழும்பி வந்து பின்னால் நின்றார். "பதறாதேங்கோ. என்ன செய்தனீங்கள் எண்டு ஒவ்வொண்டாச் சொல்லுங்கோ."

ஈஸ்வரி சொன்னார். அவர் கோப்புகளுக்குப் பெயர் வைத்து மினக்கெடுவதில்லை. கடைசியாகத் திருத்தியது பட்டியலில் மேலே நிற்கும், மேலே நிற்பதை ஓட்டுவார். அத்தனை வருடமும் அப்படித்தான், ஒருநாளும் பிழைத்ததில்லை. இன்றைக்கும் மேலே நின்றதைத்தான் ஓட்டினார்.

பட்டியலைப் பார்த்தோம். காலையில் வந்த டிசைன் காலை என்றே நின்றது. மத்தியானம் திருத்தியதோ விடியக்காலையில் செய்ததாகக் காட்டிக்கொண்டு அதற்குக் கீழே கிடந்தது. சேர் திரையின் மூலையைப் பார்த்தார். கடைக்கு வெளியே வெயில் உச்சியில் கொளுத்துகிறது, திரையில் இப்போதுதான் விடிகிறது.

"மிஸ்," என்றார், சிரிப்பை அடக்கிக்கொண்டு. "அண்டைக்கு நாங்கள் ஒரு பக்கம் திருத்தி மற்றப் பக்கம் கெடுத்துப்போட்டம்."

விசயம் இதுதான். பெட்டிக்குள் இருப்பது ஒரேயொரு மணிக்கூடு. விண்டோஸ் அதைப் பார்த்து, இது எங்கள் ஊர் நேரம் என்று எடுத்துக்கொள்ளும். லினக்ஸ் அதை இங்கிலாந்து நேரம் என்று எடுத்து, எங்கள் ஊருக்காக ஐந்தரை மணித்தியாலம் தானே கூட்டிக்கொள்ளும். நான் லினக்ஸில் நேரத்தைச் சரிப்படுத்த, விண்டோஸ் ஐந்தரை மணித்தியாலம் பின்னால் போய்விட்டது. இதை உலகமெங்கும் இரண்டு இயங்குதளம் வைத்திருப்பவர்கள் எதிர்கொள்கிறார்கள். மருந்தும் சின்னது. மணிக்கூட்டில் இருப்பது உள்ளூர் நேரம் என்று லினக்ஸுக்கு ஒரு வரியில் சொல்லிவிட்டால் போதும். அங்கேயே சொல்லிவிட்டேன், இரண்டு பக்கமும் ஒரே நேரத்துக்கு வந்தன.

ஆனால் துணியில் விழுந்த தையலுக்கு அப்படி மருந்தில்லை. பட்டில் அவ்வளவு நெருக்கமாகக் குத்திய நூலைப் பிரித்தால் ஓட்டை ஓட்டையாகத் தெரியும். வேறு துணியும் இல்லை. ஈஸ்வரி துணியை மேசையில் விரித்து வைத்து, கதிர்களை விரலால் தடவிக்கொண்டு நின்றார். வாக்குக் கொடுத்தவர் அவர், பெயர் கெட்டால் அடுத்த கலியாண ஓடர் ஏன் வரப்போகிறது? நௌசாத் சேரின் கை முதல்தடவையாக முன்னுக்கு வந்து, தாடியைச் சொறிந்தது.

அந்த நேரம் பார்த்தா தம்பிராசா அண்ணை வர வேண்டும்! கிளிநொச்சிப் பக்கத்துப் பஸ்ஸிலிருந்து இறங்கி, குடையை மடக்கியபடி நேரே உள்ளே வந்தார். மறைக்க நேரமில்லை. எங்களுக்கு எதிரே, மேசைக்கு அந்தப் பக்கம் கிடந்த நாற்காலியில் இருந்தார். கண்ணாடியை எடுத்துப் போட்டார். துணியைக் குனிந்து பார்த்தார். நிறைய நேரம் பார்த்தார்.

"ஆர் இப்பிடி வைக்கச் சொன்னது?" என்றார்.

ஈஸ்வரி மேசையில் கிடந்த கத்தரிக்கோலை எடுத்து ஒரு பக்கம் வைத்தார்.

"நான் சும்மா சாய்ச்சுவிடு எண்டுதானே சொன்னனான். இது புதிரெல்லே! தைப்பூசத்தில முதல் கதிரை அறுத்துக்கொண்டு வந்து, கட்டி, வீட்டுக்குள்ள தலைகீழாத் தூக்குவமே. எங்கட வீட்டு முகட்டில தொங்குறது அப்பிடியே வந்திருக்கு. பிள்ளை, உனக்கு இந்த யோசினை எப்பிடி வந்தது?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. எங்கள் பக்கத்திலிருந்து பார்த்தால் கதிர்கள் நிமிர்ந்து நின்றன. எதிர்ப்பக்கம் இருந்தவருக்குத் தாள் மேலேயும் மணி கீழேயுமாகத் தொங்கின. ஈஸ்வரி என்னைப் பார்த்தார், நான் சேரைப் பார்த்தேன். பிறகு ஈஸ்வரி துணியைத் தன் பக்கம் மெல்லத் திருப்பி, அளவு நாடாவை எடுத்து, மேலும் கீழும் அளந்தார். சட்டையின் கை இன்னும் வெட்டப்படவில்லை. திருப்பி வெட்டத் துணி தாராளமாக இருந்தது.

"அண்ணை, நான் பொய் சொல்ல மாட்டன்," என்றார். "இது யோசிச்சுச் செய்ததில்லை. பிழைச்சுப் போச்சு. உங்கட மகள் அனுப்பின அதே கதிர்தான், நீங்கள் தலைகீழாப் பாக்கிறியள்."

தம்பிராசா அண்ணை துணியை ஒருதரம் அப்படியும் ஒருதரம் இப்படியும் திருப்பிப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரிக்கத் தொடங்கினார். சேர் சிரித்தார், நான் சிரித்தேன், ஈஸ்வரி அழுதுகொண்டே சிரித்தார்.

"அப்ப அவள் அனுப்பினது சரிதான். பாக்கத் தெரியாதவன் நான்," என்று கண்ணைத் துடைத்தார் மனுசன். "போற வீட்டுக்கு என்ர பிள்ளை எங்கட வயல் புதிரைக் கொண்டு போறாள். கனடாவில முகட்டில தூக்க முடியுமோ? கையில தூக்கிக்கொண்டு போகட்டும்."

மத்தியானம் முழுக்கக் குனிந்திருந்து ஈஸ்வரி வளைத்த கதிர்களை ஒருவரும் கேட்கவில்லை. இடது கைக்கும் அந்தப் பிழையான டிசைனைத்தான் தேடியெடுத்து, வேண்டுமென்றே ஓட்டினோம். தம்பிராசா அண்ணை தன் நாற்காலியை மெசினுக்குக் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டார். கிளிநொச்சிக்குப் போகும் பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோர்ன் அடித்துக்கொண்டு போயின. கடைசிக் கதிரில் கடைசி மணி விழும்வரை மனுசன் எழும்பவேயில்லை.